எச்சரிக்கை சரி, இடம் தப்பு: கம்பைலர் எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

“வரி 41: ‘மீதி’ என்ற மாறி பயன்படவில்லை” என்கிறது கம்பைலர், அதாவது நாம் எழுதும் கோடை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மென்பொருள். 41-ஆம் வரியில் கிடப்பது ஒற்றை அடைப்புக்குறி. ‘மீதி’ இருப்பது 48-இல். வண்ணார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தவரை ஜங்ஷனில் இறக்கிவிட்ட மாதிரி. இரண்டு தடவை இப்படி அலைந்தவர் மூன்றாம் தடவை எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்.

நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் கம்பைலர் லேபுக்கு ஃப்ளெக்ஸும் (பேட்டர்ன் பார்த்துக் கோடைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சரை உருவாக்குவது) பைசனும் (அந்தச் சொற்களை இலக்கண விதிப்படி சேர்க்கும் பார்சரை உருவாக்குவது) வைத்துச் சின்ன மொழி கட்டும் மாணவர்கள் முதலில் மாட்டுவது இதில்தான். நடுவே 8 வரிக் கமென்ட் ஒன்று இருக்கும். புதுவரிக் குறிக்குத் தனி பேட்டர்ன் எழுதி, அங்கே மட்டும் வரி எண்ணை ஏற்றியிருப்பார்கள். கமென்ட் பேட்டர்ன் மொத்தமாக விழுங்கிய 7 புதுவரிகள் கணக்கில் ஏறவே இல்லை. பல வரிக்கு நீளும் ஸ்டிரிங்கிலும் இதே கோளாறு வரும். ஃப்ளெக்ஸில் வரி எண்ணுக்கான ஆப்ஷனைப் போட்டால் வரி சரியாகிவிடும். ஆனால் வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதை ஃப்ளெக்ஸ் பார்த்துக்கொள்ளாது. வெற்றிடம், டேப் உட்பட எல்லா பேட்டர்னிலும் நாமே கூட்டிவர வேண்டும். ஒன்றில் விட்டாலும் அந்த வரி முடியும்வரை எல்லா எண்ணும் பிசகும்.

அதனால் லெக்சர் பிரித்துத் தரும் ஒவ்வொரு சொல்லிலும், அதாவது டோக்கனில், வரி எண்ணே வேண்டாம். ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று தொடக்கத்துக்கு ஓர் எண், முடிவுக்கு ஓர் எண் போதும். முடிவு எண் கடைசி பைட்டையா, அதற்கு அடுத்ததையா குறிக்கிறது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அடுத்ததைக் குறித்தால் நீளம் கழித்தலில் வந்துவிடும். ஒவ்வொரு வரியும் தொடங்கும் பைட்டை ஓர் அரேயில் வைத்துக்கொண்டு, எச்சரிக்கை அச்சாகும் நேரத்தில் பைனரி சர்ச் செய்து வரி எண்ணைக் கண்டுபிடிக்கலாம். 10,000 வரி ஃபைலுக்கு 14 ஒப்பீடுகள்தான் ஆகும். க்ளாங் என்ற சி கம்பைலரும் ஏறக்குறைய இப்படித்தான்: ஓர் இடத்துக்கு 32 பிட் எண், அதில் ஒரு பிட் அது மேக்ரோவா (பெயரைச் சொன்னதும் கோடாக விரியும் சுருக்கம்) இல்லையா என்று சொல்ல. வரியையும் இடத்தையும் ஒரே எண்ணில் பிட் பிரித்து அடைப்பவர்கள் கவனிக்க: இடத்துக்கு 12 பிட் கொடுத்தால் 4095-க்கு மேல் அது வரி எண்ணுக்குள் வழியும். இயந்திரம் எழுதிய கோடில் அவ்வளவு நீள வரி சாதாரணம்.

விண்டோஸில் ஃபைலை டெக்ஸ்ட் முறையில் திறக்காதீர்கள். வரி முடிவில் உள்ள 2 பைட்டுகள் 1 ஆகச் சுருங்கிவிடும். வரிக்கு ஒரு பைட் வீதம் கணக்கு விலகிக்கொண்டே போகும். யூனிகோட் ஃபைல் என்று காட்ட ஃபைல் தலையில் வரும் 3 பைட் பிஓஎம் குறியைத் தாண்டிச் செல்லலாம், வெட்டி எறியக்கூடாது.

இங்கிலீஷ் எழுத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் படாத தவறு அடுத்தது.

அச்சிடு("திருநெல்வேலி", கட்டணம்);

இந்த வரியில் ‘கட்டணம்’ எத்தனையாவது இடம்? எழுத்தை பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் வழக்கமான தமிழ்க் குறி (தனி யூனிகோட் எண் உள்ள எழுத்தோ துணைக்குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட். ‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 12 குறி, ஃபைலில் 36 பைட். 1-இலிருந்து எண்ணினால் ‘கட்டணம்’ பைட் கணக்கில் 63-ஆவது இடம், குறிக் கணக்கில் 25, எழுத்துக் கணக்கில் 16. மூன்றுமே சரிதான், ஆனால் கேட்பவர் யார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ளும் எல்எஸ்பி நெறிமுறை, 0-இலிருந்து தொடங்கி யுடிஎஃப்-16 அலகில் (அலகுக்கு 2 பைட்) எண்ணுவது. அதன்படி விடை 24. 0-இலிருந்து எண்ணிய பைட் எண்ணான 62-ஐ அப்படியே அனுப்பினால், அந்த வரியின் நீளமே 33 அலகுதான் என்பதால், அடிக்கோடு வரியின் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். 2022-இல் வந்த எல்எஸ்பி 3.17 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 கணக்கைப் பேசி வைத்துக்கொள்ள வழி உண்டு. எதிரில் உள்ள எடிட்டர் ஒப்புக்கொண்டால் மட்டும். குறி எண்ணும் யுடிஎஃப்-16 எண்ணும் தமிழில் ஒன்றுதானே என்று இருந்துவிடவும் முடியாது. முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் வேறு தொகுதியில் இருப்பதால் அவற்றுக்கு 2 அலகு. பெரும்பாலான இமோஜிக்கும் அப்படியே.

‘கொ’ என்பதை 2 குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்து 3 குறியாகவும் எழுதலாம், பார்வைக்கு ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கப் போய் முழு ஃபைலையும் முதலிலேயே நார்மலைஸ் செய்தால், அதற்குப் பிறகு வரும் பைட் எண் எதுவும் அசல் ஃபைலோடு பொருந்தாது. பெயர்களை ஒப்பிடும்போது மட்டும் நார்மலைஸ் செய்யுங்கள்.

டெர்மினலில் கீழே ஒரு வரி போட்டு ^ குறி காட்டுவது தமிழில் நம்பகமில்லை. துணைக்குறிகளுக்கு எவ்வளவு அகலம் என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு. வண்ணத்தில் அந்தச் சொல்லையே எடுத்துக்காட்டி, செய்தியிலும் ‘கட்டணம்’ என்று பெயரைச் சொல்லிவிடுவது மேல். ஜிசிசி கம்பைலர் 11-ஆம் பதிப்பிலிருந்து திரை அகலக் கணக்கில் எண் தருகிறது, டேப் 8 இடம்; அதற்கு முன் பைட் கணக்கு. பழைய பதிப்பின் எண்ணை எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் திருத்த வேண்டியிருக்கும்.

பைசனில் தனிப் பொறி ஒன்று உண்டு. விதியின் ஆக்‌ஷனுக்குள் லெக்சரின் குளோபல் இடத்தைப் படித்தால், பார்சர் பல நேரம் அடுத்த டோக்கனை எட்டிப் பார்த்திருக்கும். கிடைப்பது அந்த டோக்கனின் இடம், அது அடுத்த வரியிலும் இருக்கலாம். விதி முழுவதன் இடத்தைத் தரும் @$, அதன் முதல் உறுப்பின் இடத்தைத் தரும் @1 இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். காலி விதிக்கு பைசன் தருவது முந்தைய சின்னம் முடிந்த இடம். அரைப்புள்ளி விடுபட்டதைச் சொல்லவும் அதுவே பொருத்தம்: அடுத்த வரியின் முதல் சொல்லைக் காட்டினால் படிப்பவர் அந்த வரியில்தான் தப்பைத் தேடுவார். பயன்படாத மாறிக்கு அதன் அறிவிப்பு (டிக்ளரேஷன்) முழுவதையும் கோடிடாமல் பெயரை மட்டும் காட்டுங்கள்.

மேக்ரோவுக்கு இரண்டு இடம் வேண்டும். ஹெடர் ஃபைலில் நிரம்பியதா(மட்டம்) என்ற மேக்ரோ, உள்ளே ‘மட்டம் == 143’ (ஒப்பீடு) என்பதற்குப் பதில் ‘மட்டம் = 143’ (மதிப்பை மாற்றுவது) என்று இருக்கிறது. பாபநாசம் அணைக்கு அதை அழைத்த வரியை மட்டும் காட்டினால் அங்கே = குறியே இல்லை; ஹெடரை மட்டும் காட்டினால் எந்த அழைப்பு என்று தெரியாது. எழுதிய இடம், விரித்த இடம் இரண்டையும் சேமித்து, ஒன்றை எச்சரிக்கையாகவும் மற்றதைக் குறிப்பாகவும் அச்சிடுங்கள்.

கோடை மரமாக வைத்திருக்கும் கம்பைலர் அதில் தானே உண்டாக்கும் கணுக்களுக்கு, உதாரணமாக ‘ஃபார்’ லூப்பை ‘வைல்’ ஆக மாற்றும்போது, மூலக் கணுவின் இடத்தைக் கொடுக்க வேண்டும். இடமே இல்லையென்றால் ‘இடம் இல்லை’ என்று வெளிப்படையாக ஒரு மதிப்பு வையுங்கள். வரி 1, இடம் 1 என்று நிரப்புவது பொய். இது பார்வைக்கான பிரச்சினை மட்டுமல்ல. ப்ராக்மா (கம்பைலருக்கான கட்டளை வரி) போட்டுக் குறிப்பிட்ட பகுதியில் எச்சரிக்கையை அணைப்பதும் இடத்தை வைத்துத்தான். இடம் பிசகினால் அணைத்தது அணையாது, அணைக்காதது அணைந்துவிடும்.

சோதனைகளில் செய்தியோடு வரி, இடம் இரண்டையும் ஒப்பிடுங்கள். எச்சரிக்கைகளைச் சோதிக்கும் க்ளாங்கின் வெரிஃபை முறை வரியை மட்டுமே பார்க்கும். தமிழ் ஸ்டிரிங், டேப், விண்டோஸ் வரி முடிவு, பல வரிக் கமென்ட் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு ஃபைல். கடைசி வரியில் புதுவரிக் குறி இல்லாத ஃபைலும் காலி ஃபைலும் கட்டாயம்: மூடாத அடைப்புக்குறி பற்றிய பிழையை ஃபைலில் இல்லாத வரியில் காட்டினால், எடிட்டரில் கிளிக் செய்தாலும் அது சரியான இடத்துக்குக் கூட்டிப்போகாது.