சார்ஜ் நிற்கவில்லையா? பற்றரியை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"சார்ஜ் நிக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டு திருகோணமலை நகரில் ஒரு போன் கடைக்குள் நுழைந்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் பற்றரியை மாற்ற வேண்டும் என்பதுதான். சில வேளைகளில் அது சரியான பதிலே. ஆனால் உறவினரும் அயலவரும் என்னிடம் கொண்டுவந்து தந்த போன்களில் பலவற்றை ஒரு சதமும் செலவழிக்காமல் இரவு வரை ஓடவைக்க முடிந்திருக்கிறது. அழைப்பு எடுக்கவும் வட்ஸ்அப் பார்க்கவும் மட்டும் பழகி, செட்டிங்ஸ் பக்கம் போகவே தயங்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்கம் அன்ட்ராய்ட் போன்களுக்கு உரியது. ஐபோன் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். கம்பனிக்குக் கம்பனி மெனுவின் பெயர்கள் சற்று மாறும் என்பதால், நான் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேற்பகுதியிலுள்ள தேடற் பெட்டியில் அதைத் தட்டச்சுச் செய்து பாருங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரே மூச்சில் பத்து இடங்களில் கைவைத்தால், எது பலன் தந்தது, எது மகனின் அழைப்பை வரவிடாமல் தடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

படி 1: பற்றரிப் பக்கத்தை மாலையில் திறவுங்கள்

செட்டிங்ஸைத் திறந்து பற்றரி என்பதைத் தொடுங்கள். அதனுள் பற்றரிப் பயன்பாடு என்றொரு பகுதி இருக்கும். எந்தச் செயலி எத்தனை சதவீதம் மின்சக்தியை எடுத்திருக்கிறது என்று அங்கே வரிசையாகக் காட்டப்படும். காலையில், சார்ஜரிலிருந்து கழற்றியவுடன் இதைப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு முழுநாளின் பாவனை சேர்ந்த பிறகு, மாலை ஆறு ஏழு மணிக்குப் பாருங்கள். பார்த்ததோடு நில்லாமல் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பல போன்களில் மின்பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒருசேர அழுத்தினால் படம் பதிவாகிவிடும். ஐபோனிலும் செட்டிங்ஸுக்குள் பற்றரி என்ற இடத்தில் இதே பட்டியல் உண்டு.

இந்தப் பக்கம் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உப்புவெளியில் எங்கள் உறவுக்கார அக்கா ஒருவர் இருக்கிறார். மகன் கட்டாரில், இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு எடுப்பான். அந்த நேரத்துக்குள் போன் செத்துவிடுகிறது என்பது அக்காவின் குறை. "தம்பி, நான் ஒண்டும் பாக்கிறேல்ல. அவன் எடுத்தா கதைக்கிறன், அவ்வளவுதான்" என்றார். பற்றரிப் பக்கத்தைத் திறந்தால் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது: யூடியூப் இல்லை, விளையாட்டு இல்லை, வட்ஸ்அப்கூடக் கொஞ்சம்தான். பட்டியலின் உச்சியில் நின்றது மொபைல் நெட்வேர்க். பகல் முழுவதும் போனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். பேரப்பிள்ளை எடுத்து விளையாடாமல் இருப்பதற்காக இரும்பு அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டுவாராம். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் சரியாக எட்டாது. எட்டாத சிக்னலைப் பிடிக்கப் போன் தன் வானொலி அலையின் வலுவைக் கூட்டிக்கூட்டி நாள் முழுவதும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று முதல் போன் சுவாமிப் படத் தட்டுக்கு இடம் மாறியது. பற்றரி மாற்றவில்லை, ஒரு செயலியையும் நீக்கவில்லை.

படி 2: சிக்னல் குறைந்த இடங்களைக் கவனியுங்கள்

அலுமாரிக்குச் சொன்ன காரணம் வெளியிலும் பொருந்தும். புல்மோட்டை வீதியில் நீண்ட தூரம் பயணிக்கும்போதும், படகில் கரையை விட்டு விலகும்போதும் போன் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அழைப்பு வராது என்று தெரிந்த இடத்தில் விமானப் பயன்முறையை இயக்கிவிடுங்கள். திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் விமானப் படத்துடன் தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் அறிய வேண்டிய ஒன்று: விமானப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனெனில் போன் செய்மதியின் அலையைப் பெறுகிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. வரைபடத்தைக் கரையில் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்திருந்தால் நடுக்கடலில் டேட்டா தேவைப்படாது.

படி 3: திரை

வெளிச்சத்தைத் தானியங்கி நிலைக்கு விடுங்கள். திரை அணையும் நேரத்தை 30 வினாடியாக்குங்கள். கறுப்புப் பின்னணி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையுள்ள போன்களில் மட்டுமே மின்சக்தியைச் சேமிக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கண்ணுக்கு இதமாக இருக்குமே ஒழியப் பற்றரிக்கு வித்தியாசமில்லை.

படி 4: பின்னணியில் ஓடும் செயலிகள்

படி 1இல் எடுத்த படத்தை மறுபடி பாருங்கள். நீங்கள் திறக்காத ஒரு செயலி பட்டியலில் மேலே நின்றால் அதுதான் கவனிக்க வேண்டியது. அதன் பெயரைத் தொட்டால், பின்னணிப் பாவனையைக் கட்டுப்படுத்தும் தெரிவு வரும். கடை விளம்பரச் செயலிகள், விளையாட்டுகள், எப்போதோ ஒருமுறை பதிவிறக்கிய ரோர்ச் லைட் செயலி ஆகியவற்றைத் தயங்காமல் கட்டுப்படுத்தலாம், நீக்கினால் இன்னும் நல்லது. வட்ஸ்அப், ஐஎம்ஓ போன்றவற்றில் மட்டும் கைவைக்காதீர்கள். அவற்றைக் கட்டுப்படுத்தினால் அழைப்பு மணி அடிக்காமல் போகக்கூடும்.

இருப்பிட அனுமதியையும் ஒருமுறை பாருங்கள். 2019இல் வந்த அன்ட்ராய்ட் 10 முதல், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தைக் காட்டு என்ற தெரிவு உண்டு. வரைபடச் செயலிக்கே அது போதும்.

இனி, பலருக்குக் கசப்பான ஒரு விடயம். அண்மையில் திறந்த செயலிகளைப் பெட்டிபெட்டியாகக் காட்டும் திரையில், எல்லாவற்றையும் மேலே தள்ளித்தள்ளி மூடுவது பற்றரியைச் சேமிக்காது. மூடிய செயலியை அடுத்த பத்து நிமிடத்தில் மீண்டும் திறக்கும்போது அது அடியிலிருந்து ஏற்றப்பட வேண்டும். அதற்குத்தான் அதிக மின்சக்தி செலவாகும். 2015இல் வந்த அன்ட்ராய்ட் 6 தொடக்கம், திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் பின்னணிச் செயலிகளைத் தூங்கவைக்கும் டோஸ் என்ற ஏற்பாடு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பற்றரி சேவர், கிளீனர், பூஸ்டர் என்ற பெயர்களில் பிளே ஸ்டோரில் கிடைக்கும் செயலிகள் தேவையற்றவை. அவற்றுள் பல தாமே விளம்பரம் காட்டிக்கொண்டு பின்னணியில் ஓடுபவை. பூனையைக் காவலுக்கு வைத்துப் பாலை மூடாமல் விட்ட கதைதான்.

படி 5: புதுப்பிப்பு, அதாவது அப்டேட்

இதில் இரண்டு வகை உண்டு. தனிச் செயலிகளின் புதுப்பிப்பு பிளே ஸ்டோர் வழியாக வரும். போனின் இயங்குதளப் புதுப்பிப்பு செட்டிங்ஸில் மென்பொருள் புதுப்பிப்பு என்ற இடத்திலோ, சிஸ்டம் என்பதற்குள்ளோ வரும். வட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு எதையும் புதுப்பிக்கவே கூடாது. அது உங்கள் தம்பி அனுப்பியதாக இருந்தாலும் சரி, அவருக்கும் வேறொருவர்தான் அனுப்பியிருப்பார்.

இயங்குதளத்தைப் புதுப்பிப்பதற்கு முன் பற்றரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, சில ஜிபி இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் செய்யுங்கள். வீட்டு இணையப் பொதியில் இரவு நேர டேட்டா தனியாகக் கிடைப்பவர்கள், பிளே ஸ்டோரில் வைஃபை மூலம் மட்டும் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டு, பெரிய பதிவிறக்கங்களை நள்ளிரவுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

புதுப்பித்த மறுநாள் பற்றரி மளமளவென்று இறங்கினால் பதறாதீர்கள். புதிய இயங்குதளம் எல்லாச் செயலிகளையும் தனக்கேற்ப மறுபடி ஒழுங்குபடுத்துகிறது, படங்களையும் புதிதாக அட்டவணைப்படுத்துகிறது. ஓரிரு நாளில் இது அடங்கிவிடும். மூன்று நான்கு நாள் கடந்தும் அடங்காவிட்டால் மட்டும் போனை ஒருமுறை அணைத்து இயக்கி, படி 1க்குத் திரும்புங்கள்.

"அப்டேட் செய்தால் போன் மந்தமாகும்" என்று சொல்லிப் புதுப்பிக்கவே மறுப்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அதை முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட நான் மாட்டேன். பற்றரி பழுதடைந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவென்று அவற்றின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.3இல்தான் பற்றரியின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் பக்கமும், அந்த வேகக் குறைப்பை நிறுத்தும் தெரிவும் சேர்க்கப்பட்டன. என்றாலும் புதுப்பிக்காமல் இருப்பது இன்னும் பெரிய இடர். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடா. செயலிகளும் ஒருநாள் கைவிட்டுவிடும். 2023 ஒக்டோபரில் வட்ஸ்அப், அன்ட்ராய்ட் 5.0க்கு முந்திய போன்களில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது நினைவிருக்கலாம்.

படி 6: வெப்பம்

திருகோணமலையில் போன் வைத்திருப்பவருக்கு மற்றெல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது என்பேன். இன்றைய போன்களில் உள்ள லித்தியம் அயன் பற்றரிக்கு வெப்பம் ஆகாது. சூட்டில் அதன் உள்ளேயுள்ள வேதிப்பொருள்கள் விரைவாகச் சிதைந்து, கொள்ளளவு திரும்பாதபடி குறைகிறது. 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் நிழலிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஓர் ஓகஸ்ட் மாதப் பகலில் நிலாவெளி வீதியால் மோட்டார் சைக்கிளில் போகும்போது, போனைக் கைபிடியில் பொருத்தி, வரைபடத்தைத் திறந்து, பவர் பாங்கிலும் சொருகியிருந்தேன். வெயில், முழு வெளிச்சத் திரை, ஜிபிஎஸ், சார்ஜ் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் திரை மங்கி, சூடு கூடியதால் சார்ஜ் நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. கையில் எடுத்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய றொட்டி போல இருந்தது.

எனவே சார்ஜ் ஏறும்போது வீடியோ அழைப்பு எடுப்பதையும் விளையாடுவதையும் தவிருங்கள். தலையணைக்குக் கீழே, மெத்தையின் மேலே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள். சூடேறிய போனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். உள்ளே ஈரம் படியும், செய்யாதீர்கள். சிமெந்துத் தரையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலே போதும்.

முழுவதும் இறங்கிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பற்றரிகளின் காலத்து அறிவுரை. லித்தியம் அயனுக்கு அது தீங்கு. 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. பல போன்களில் 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் தெரிவும் இருக்கிறது. இதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் நான் 100 வரை ஏற்றிவிடுவேன். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தபோது, பற்றரியின் ஆயுளைவிட அந்த ஓர் இரவின் சார்ஜ் பெரிதாக இருந்தது.

பவர் பாங்க் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 10,000 எம்ஏஎச் (பற்றரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் கலத்தின் அளவு. 5 வோல்ட்டாக மாற்றி வெளியே தரும்போது இழப்பும் சேர்ந்து, கைக்குக் கிடைப்பது 6,000 அல்லது 6,500 அளவே. 5,000 எம்ஏஎச் போனை ஒருமுறை நிரப்பி, கொஞ்சம் மிஞ்சும். மின்சாரமில்லாத நாட்களில் போனில் மட்டும் நம்பி எதையும் வைக்காதீர்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் மணிக்கணக்காக நின்று, முன்னுக்கு வந்ததும் எரிபொருள் பெறுவதற்கான கியூஆர் குறியீட்டைக் காட்ட முடியாமல் போன் அணைந்தவர்களைப் பார்த்த பிறகு, நான் முக்கியமானவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

படி 7: பற்றரியை மாற்ற வேண்டிய நேரம்

மேலுள்ளவற்றைச் செய்து ஒரு வாரம் கடந்தும் பட்டியலில் குற்றவாளி எவரும் இல்லாமல் போன் இறங்கினால், அல்லது 20, 30 சதவீதத்திலேயே சட்டென்று அணைந்தால், பற்றரி முடிந்துவிட்டது. ஐபோனில் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். போனின் முதுகு உப்பியிருந்தாலோ, திரை ஓரத்தில் விலகி ஒளிக்கோடு தெரிந்தாலோ ஒரு வாரம் பொறுக்கக் கூடாது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தியும் பார்க்காதீர்கள்.

மலிவைப் பார்த்து நான் ஒருமுறை ஏமாந்தேன். மூலப் பற்றரியின் அதே பருமனில், அதைவிட 1,000 எம்ஏஎச் கூடுதலாக அச்சிட்டிருந்த ஒன்றைக் கடைக்காரர் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அதே பருமனுக்குள் அவ்வளவு கூடுதல் எப்படி அடங்கும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் மாதத்தில் முதுகு மூடி தானாகத் திறந்துகொண்டது. இப்போது கம்பனியின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்தில் விலை கேட்ட பிறகே வேறிடம் போகிறேன். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன். கழற்றிய பழைய பற்றரியைக் குப்பையில் வீசாமல் கடையிலேயே ஒப்படைக்கிறேன். மாற்றிய திகதியைப் போனிலேயே குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து மாலையில் பற்றரிப் பக்கத்தைத் திறந்து, படி 1இல் எடுத்த பழைய படத்துக்குப் பக்கத்தில் புதியதை வைத்துப் பாருங்கள்.