கொழும்புக் கோப்பையும் ஒரு லென்ஸும்

தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அவர் கொண்டுவந்த ஜப்பான் டீ செட்டில் ஆறு கோப்பை. ஆச்சி காலம் தாண்டி என் கைக்கு வந்தது நான்கு. அதில் தொடங்கிய கிறுக்கு, பாளையங்கோட்டையில் பழைய சாமான் கடை எதைக் கண்டாலும் உள்ளே இழுக்கிறது.

கோப்பையை எடுத்ததும் கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி 1891 முதல் அங்கே போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானியர் 'நிப்பான்' என்று எழுதினார்கள். அது ஜப்பானியச் சொல் என்று 1921இல் ஆட்சேபம் வந்தபின் 'ஜப்பான்' ஆனது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆட்சிக் காலம், அதாவது 1952 வரை. ஆனால் கொழும்புக்கு வந்த சரக்கை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தாதே! அடியில் ஒன்றுமில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். 'நிப்பான்' முத்திரையைப் போலியாக அடித்தும் விற்கிறார்கள்.

அதனால் நான் முத்திரையைவிடக் கோப்பையில் வரைந்த பூவைத்தான் நம்புவேன்; அது கைவேலையா, அச்சா என்று பார்ப்பேன். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். வண்ணம் ஒரே சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை என்றால் இதழ் ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலியும்; இரண்டு கோப்பையில் ஒரே பூ அச்சு அசலாக இருக்காது. பூவின் வெளிக்கோடுகளை அச்சிட்டு உள்ளே மட்டும் கையால் நிரப்பியதும் உண்டு, அதற்கு விலை குறைவாகக் கேளுங்கள். கண்ணை மூடி விரலால் தடவுங்கள். 'மொரியாகே' வேலை என்றால் குழைத்த களிமண்ணால் போட்ட புள்ளியும் கோடும் கோலம் காய்ந்ததுபோல் மேடாக நிற்கும்.

அப்புறம் கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் தட்டுங்கள். 'ணங்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ மயிரிழை விரிசல்; வெயிலில் பிடித்தால் தெரியும். "அண்ணாச்சி, கீறல் விழுந்திருக்கே" என்று மெதுவாகச் சொன்னாலே விலை இறங்கும்.

கழுவுவதில்தான் நான் கெட்டேன். பித்தளைச் சொம்பு நினைப்பில் ஒரு கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்தேன். விளிம்பின் தங்கக் கோடு நாரோடு போயிற்று. தங்கம் கோப்பையின் பளபளப்புப் பூச்சுக்கு மேலே பூசியது, அழுத்தம் தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய துணி போதும். அடுக்கும்போது நடுவில் பழைய வேட்டித் துண்டு வையுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், டீ ஊற்றிக் குடிக்க வேண்டாம். ஆச்சி அதில்தான் குடித்தாள், அது வேறு கதை.