கறுப்புப் பூனை ஜோக்கைச் சொல்வது எப்படி?

தத்துவம் என்பது இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடுவது. மதம் என்பது பூனையே இல்லாத இருட்டறையில் தேடி, "பிடிச்சுட்டேன்!" என்று கத்துவது. அறிவியல் என்பது டார்ச் அடித்துத் தேடுவது. சிலர் நடுவில் மீவியற்பியலுக்கும் (மெட்டாபிசிக்ஸ், இருப்பின் அடிப்படை என்ன என்று ஆராயும் தத்துவப் பிரிவு) ஒரு வரி ஒதுக்குவார்கள். அது வேண்டாம், ஜோக் நீண்டுவிடும்.

நான் இயற்பியல் பாடம் எடுப்பவன். வகுப்பிலும் வெளியிலும் இதை எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். எங்கே சிரிப்பு வரும், எங்கே சண்டை வரும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில், யார் சொன்னது என்று பெயர் போடாதீர்கள். டார்வின் பெயரில்கூட இது உலவுகிறது. பெயரைச் சொன்னால், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் தேடுவதற்குள் பூனை ஓடிவிடும்.

அடுத்தது டார்ச் வரி. அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, கவனித்துப் பாருங்கள். அது ஜோக் இல்லை, விளம்பரம். மற்ற இருவருக்கும் அடி கொடுத்துவிட்டு நம் ஆளுக்கு மட்டும் மாலை போட்டால், எதிரே இருப்பவர் நாகரிகத்துக்காகத்தான் சிரிப்பார். அதனால் நான் நாலாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: "டார்ச்சில் பேட்டரியே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லும்வரை, விஞ்ஞானியும் பூனையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்."

இது வெறும் கற்பனை இல்லை. 1903இல் பிரான்சின் நான்சி நகரத்தில் ரெனே பிளோன்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர், என்-கதிர்கள் என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். மங்கலான ஒளி அந்தக் கதிர் பட்டதும் துளி பிரகாசமாகும், அதுதான் சாட்சி. அதை இருட்டில் உட்கார்ந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். வேறு பலரும் தங்களுக்கும் தெரிகிறது என்று கட்டுரை எழுதினார்கள். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் போனார். சோதனை நடந்த இருட்டறையில், கதிரைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அலுமினிய முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அப்புறமும் அளவுகள் பழையபடியே வந்துகொண்டிருந்தன! பிளோன்ட்லோ பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் முக்கியம். அவருக்கு உண்மையாகவே தெரிந்தது. அறிவியலுக்குப் பெருமை டார்ச்சால் வரவில்லை, வுட் மாதிரி ஒருவரை உள்ளே விட்டதால் வந்தது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு பக்திமான்களும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார்கள்.

அவர்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், "கத்தியது யார்?" என்று திருப்பிக் கேட்பார். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பது அவர் பக்கத்து வாக்குத்தானே. உபநிடதமும் நேதி, நேதி என்று, இதுவல்ல, இதுவல்ல என்று விலக்கிக்கொண்டே போகிறது. அங்கே வாதாடாமல் ஒப்புக்கொண்டுவிடுங்கள். கத்துகிறவர்கள் எல்லா அறையிலும் உண்டு.

இன்னொன்று: எல்லாரும் பூனை தேடித்தான் அந்த அறைக்குள் போகிறார்கள் என்று ஜோக் எடுத்துக்கொள்கிறது. பலர் பாடப் போகிறார்கள், அழப் போகிறார்கள், பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதற்காகப் போகிறார்கள். துக்கத்தில் இருப்பவர் முன்னால் இந்த ஜோக்கை எடுக்கவே எடுக்காதீர்கள்.

தத்துவக்காரரைச் சமாளிப்பது கஷ்டம். அவர் சிரிக்க மாட்டார், டார்ச்சைப் பற்றி விசாரிப்பார். நேற்றுவரை சரியாகக் காட்டியது நாளையும் காட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 18ஆம் நூற்றாண்டிலேயே தத்துவவாதி டேவிட் ஹ்யூம் எழுப்பிய சிக்கல் இது; இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை கிடையாது. எதைப் பார்த்தால் பூனை இல்லை என்று ஒத்துக்கொள்வாய் என்பது இன்னொரு தத்துவவாதியான கார்ல் பாப்பர் வழிக் கேள்வி. எனக்கு இதுதான் பிடிக்கும். வுட் செய்ததும் இதைத்தானே! தத்துவக்காரர் இருட்டில் தடவுகிறார் என்று கிண்டலடிக்கிறோம், ஆனால் டார்ச்சைச் சோதிக்கும் முறையில் அவருக்கும் பங்கு உண்டு.

கடைசியாக, "நீங்களும் கண்ணுக்குத் தெரியாததைத்தானே நம்புகிறீர்கள்?" என்று ஒருவர் மடக்குவார். அவருக்கு நியூட்ரினோவைச் சொல்லுங்கள். அணுக்கரு எலக்ட்ரானை வெளியே தள்ளும் பீட்டா சிதைவில் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போகிறதே என்று 1930இல் இயற்பியலாளர் வுல்ஃப்காங் பௌலி, கண்ணில் படாத ஒரு துகள் அதைக் கொண்டுபோகலாம் என்றார். 1956இல் ரெயின்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே கருவி வைத்து அதைப் பிடித்தார்கள். 26 ஆண்டுகள் இடையில் யாரும் கத்தவில்லை.

உடனே அவர், விண்வெளியில் ஒளி வீசாமல் மறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். ஈர்ப்பு விளைவு தெரிகிறது, துகள் இன்னும் சிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அவரையே அடுத்த ஜோக் சொல்லச் சொல்லுங்கள்.