யார்க்ல வீடு பாக்கப் போறீங்களா, முதல்ல பிளக் பாயிண்ட் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க

இங்கிலாந்துல இருக்கற யார்க்ல வீடு தேட ஆரம்பிச்ச புதுசுல அழகைப் பாத்து மயங்கிட்டேன், அதான் நான் பண்ணின முதல் தப்பு. கி.பி. 71ல ரோமானியர் ஆரம்பிச்ச ஊரு, சுத்தி கோட்டை மதில், தெருமுனை திரும்பினா மின்ஸ்டர்ங்கற பெரிய சர்ச்சோட கோபுரம் எட்டிப் பாக்குது, யாருக்குத்தான் ஆசை வராது. இந்த ஊர்ல தெருவுக்குப் பேரு கேட், கேட்டுக்குப் பேரு பார், பாருக்குப் பேரு பப்னு ஒரு ஜோக் உண்டு, வீடு விளம்பரம் போடற ரைட்மூவ் வெப்சைட்ல அட்ரஸ் தேடும்போது அது நிஜமாவே குழப்பும்.

ஊஸ் ஆத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்தோம். புது பெயிண்ட், வாசனை மெழுகுவத்தி, எல்லாம் ஜோரா இருந்துச்சு. கீழ்த்தளத்துல மட்டும் பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்துல, தரை முழுக்க டைல்ஸ். வயசானவங்க குனியாம போட வசதியா வச்சிருக்காங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன். வெளிய வந்தப்ப நாயோட நடந்து வந்த ஒரு அம்மா தான் சொன்னாங்க, தண்ணி வந்தா கரண்ட் போகாம இருக்க அப்படி வைப்பாங்கன்னு. ஏஜென்ட் அதுவரைக்கும் மூச்சு விடல.

அதனால வீட்டுக்கு முன்னாடி ஆத்தைப் பாருங்க. ஊஸ், ஃபாஸ்னு ரெண்டு ஆறு. ஊஸ் கரையில கிங்ஸ் ஸ்டெய்த் மாதிரி இடங்கள்ல தண்ணி ஏறுறது வழக்கமான விஷயம், ஊர்க்காரங்க கண்டுக்கக்கூட மாட்டாங்க. ஆனா 2015 டிசம்பர்ல, ஊஸ் தண்ணி ஃபாஸுக்குள்ள ஏறாம இருக்க வச்ச ஃபாஸ் தடுப்புல இருந்த பம்ப் கட்டடத்துக்குள்ள தண்ணி புகுந்து தடுப்பைத் தூக்க வேண்டியதா போச்சு, ஹன்டிங்டன் ரோடு பக்கம் எல்லாம் வீட்டுக்குள்ள வெள்ளம். அரசாங்க வெப்சைட்ல போஸ்ட்கோடு போட்டா வெள்ள அபாயம் எவ்வளவுன்னு இலவசமா காட்டும், அதைப் பாத்துட்டு, வீட்டுக்காரங்க கிட்ட இதுக்கு முன்னாடி தண்ணி வந்துச்சா, இன்சூரன்ஸ் க்ளெய்ம் பண்ணீங்களான்னு எழுத்துல கேளுங்க. ஆஃபர் போடறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கோட் வாங்கிடுங்க, ஏன்னா அது இல்லாம பேங்க் கடன் தராது. வெள்ள அபாயம் இருக்கற வீட்டுக்கும் இன்சூரன்ஸ் கட்டுப்படியாகணும்னு ஃப்ளட் ரீன்னு ஒரு திட்டம் இருக்கு, 2009 ஜனவரி 1க்கு முன்னாடி கட்டின வீட்டுக்குத் தான் பொருந்தும், அதுவும் 2039 வரைக்கும் தான்.

அடுத்தது சுவர். பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில கட்டினது, ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும். யாராவது புத்திசாலி சிமெண்ட் வச்சுப் பூசி விட்டிருந்தா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், செங்கல் முகம் பொரிஞ்சு உதிரும். வெளிச்சுவர்ல செங்கலுக்கு நடுவுல சாம்பல் கலர்ல கெட்டியா இருக்கா, விரல் நகத்தால சுரண்டினா அசையலையான்னு பாருங்க, அது சிமெண்டா இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டோட நிலைமையைச் சோதிக்கற சர்வே எடுக்கும்போது லெவல் 2 போதும்னு ஏஜென்ட் சொல்லுவாரு, கேக்காதீங்க, இந்த மாதிரி வீட்டுக்கு இன்னும் விவரமா பாக்கற லெவல் 3 தான். பழைய கட்டடம் தெரிஞ்ச ஆளா பாத்துப் பிடிங்க.

லிஸ்டட் வீடா, அதாவது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம்னு பட்டியல்ல இருக்கற வீடா இருந்தா, கடைசிப் படியான கிரேடு 2 ஆனாலும், உள்ள இருக்கற மாடிப்படி வரைக்கும் சட்டத்துக்குள்ள வந்துரும். கவுன்சில் அனுமதி இல்லாம ஜன்னலை மாத்தினா அது கிரிமினல் குற்றம். இதுல கொடுமை என்னன்னா, போன ஓனர் திருட்டுத்தனமா பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தா அதைத் திருப்பி மாத்தச் சொல்லி நோட்டீஸ் உங்க கிட்ட தான் வரும். அதனால ஒவ்வொரு வேலைக்கும் அனுமதிக் கடிதம் எங்கன்னு உங்க சொலிசிட்டர், அதாவது வக்கீல் மூலமா கேளுங்க.

வரிசை வீடுகள்ல நடுவுல சந்து போகும், அந்தச் சந்துக்கு மேல உங்க பெட்ரூம் இருக்கும். ஃப்ளையிங் ஃப்ரீஹோல்டுன்னு பேரு, சில பேங்க் முகம் சுளிக்கும், முன்கூட்டியே சொல்லிடுங்க. ஃப்ளாட்னா லீஸ், அதாவது மிச்சம் இருக்கற குத்தகைக் காலம், 80 வருஷத்துக்குக் கீழ இருந்தா நீட்டிக்கற செலவு எகிறும், நான் தொடவே மாட்டேன்.

காசு விஷயத்துல நம்ம ஆளுங்க மாட்டறது ஸ்டாம்ப் டூட்டியில. 2025 ஏப்ரல்ல இருந்து முதல் வீடு வாங்கறவங்களுக்கு 3 லட்சம் பவுண்டு வரைக்கும் கிடையாது, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் உள்ள பகுதிக்கு 5%. முதல் வீடுன்னா உலகத்துல எங்கயுமே இருந்திருக்கக் கூடாது, நம்ம நாட்டுல சொந்த ஊர்ல உங்க பேர்ல வீடு இருந்தாலும் சலுகை போச்சு. ஊர் வீட்டுல உங்க பங்கு 40,000 பவுண்டு அல்லது அதுக்கு மேல இருந்து இங்க வாடகையில இருக்கீங்கன்னா பெரும்பாலும் மொத்த விலைக்கும் 5% கூடுதல் வேற. 3,20,000 பவுண்டு வீட்டுக்கு முதல் வீடு வாங்கற ஒருத்தர் 1,000 கட்டுவாரு, ஊர்ல வீடு இருக்கற இன்னொருத்தர் வழக்கமான வரியும் இந்தக் கூடுதலும் சேத்து 22,000 கட்டுவாரு. இதை ஆஃபருக்கு முன்னாடியே சொலிசிட்டர் கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

ஆஃபர் ஓகே ஆயிடுச்சுன்னு ஸ்வீட் குடுத்துடாதீங்க. எக்ஸ்சேஞ்ச் ஆகி, அதாவது ஒப்பந்தத்தை ரெண்டு பக்கமும் மாத்திக்கிட்டு, வழக்கமா 10% கட்டற வரைக்கும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல. எங்களுக்கு மூணு வாரம் கழிச்சு இன்னொருத்தர் கூட குடுத்தாருன்னு வீட்டைக் கை மாத்திட்டாங்க, சர்வே காசு போனது போனது தான். ஆஃபர் ஏத்துக்கிட்ட உடனே விளம்பரத்தை எடுக்கச் சொல்லி ஈமெயில்ல வாங்கிக்கங்க, முழுப் பாதுகாப்பு இல்லன்னாலும் ஏதோ கொஞ்சம்.

கார் இருந்தா இன்னொண்ணு. டவுனுக்குப் பக்கத்துத் தெருக்கள்ல ரெஸ்பார்க்னு பெர்மிட் முறை, எந்த ஸோன், எவ்வளவு காசுன்னு கவுன்சில்ல பாத்துக்கங்க. பகல்ல வியூவிங் போறப்ப தெரு காலியா தான் தெரியும், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை காரை எடுத்துட்டுப் போய் இடம் கிடைக்குதான்னு சுத்திப் பாருங்க.