பிணத்தை வைத்துச் சிரிக்க வைக்கும் படத்தைப் பத்துப் பேரோடு பார்த்துப் பேசுவது எப்படி

திண்டிவனத்தில் என் போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு புரொஜெக்டர், ஒரு திரை. சோகப் படம் போட்டால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாக்குவாதம் வருவது சாவை வைத்துச் சிரிக்க வைக்கும் கேலிக்கூத்துப் படங்களுக்குத்தான். ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார், பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளிப்பார். அந்த இருவரும் மனஸ்தாபம் இல்லாமல், அதே சமயம் எதையும் மழுப்பாமல் பேச என்ன செய்யலாம் என்பதை, குந்தன் ஷா இயக்கி 1983இல் வந்த 'ஜானே பி தோ யாரோ' இந்திப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில், கதையைச் சொல்லாதீர்கள். ஆட்களை மட்டும் சொல்லுங்கள். தர்னேஜா, அஹுஜா இரண்டு பேரும் பம்பாயில் போட்டி போடும் கட்டட முதலாளிகள். டிமெல்லோ மாநகராட்சி கமிஷனர். பிழைப்புக்கு வழி தேடும் இரண்டு போட்டோகிராபர்களாக நடித்தவர்கள் நஸீருத்தீன் ஷாவும் ரவி பாஸ்வானியும். இதை ஒரு சிலேட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடுவதால், வேகமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காதோடு சொல்லட்டும், மற்றவர்களுக்கு அது இடைஞ்சல் இல்லை.

படத்தை நடுவில் நிறுத்தாதீர்கள். எனக்கே ஓர் இடத்தில் நிறுத்தத் தோன்றும். பூங்காவில் எடுத்த ஒரு போட்டோவை டார்க் ரூமில் பெரிதாக்கப் பெரிதாக்க, அதில் ஒரு கொலை நடப்பது தெரியவரும் இடம். போட்டோவைப் பெரிதாக்கும் கருவியான என்லார்ஜரின் தலையை ஏற்ற ஏற்ற, உருவம் பெரிதாகி அப்படியே மணல் மணலாக உடையும். டெவலப்பர் தட்டில் பேப்பர் நனைந்து கறுப்பு மெல்ல ஊறி வரும்போது, அது முகமா புதரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன், பல ராத்திரி. அதைச் சொல்ல வாய் துறுதுறுக்கும். சொல்ல மாட்டேன். சிரிப்புப் படத்துக்கு ஓட்டம்தான் உயிர்.

படம் முடிந்ததும் யாரையும் பேச விடாதீர்கள். இதுதான் முக்கியம். டீ வருவதற்குள் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: 'உங்களுக்குச் சிரிப்பு நின்றுபோன இடம் எது?' படம் எப்படி இருந்தது என்று கேட்டால், முதலில் வாய் திறப்பவர் சொன்னதையே பாதிப் பேர் சொல்வார்கள். நின்ற இடத்தைக் கேட்டால் அப்படி நடக்காது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு.

அப்புறம், மனம் புண்பட்டவரை முதலில் பேசச் சொல்லுங்கள். கடைசியில் பேசச் சொன்னால், அதுவரை மற்றவர்கள் சிரித்த சிரிப்புக்கு நடுவில் அவருக்குக் குரலே எழும்பாது.

எங்கள் எதிர்வீட்டு ஆயா ஒவ்வொரு வருஷமும் திரௌபதி அம்மனுக்கு விரதம் இருந்து தீ மிதிப்பவர். படத்தின் கடைசிப் பகுதியில், சதீஷ் ஷா நடித்த டிமெல்லோவின் பிணம் ஒரு நாடக மேடைக்குப் போய்ச் சேர்ந்து, புடவை சுற்றி திரௌபதியாக நிற்கும். படத்தைக் கொண்டாடுகிறவர்கள் முதலில் சொல்வது அந்தக் காட்சியைத்தான். ஆயா சீட்டில் எழுதச் சொன்னதும் அதைத்தான். "ஆத்தாளோட புடவையப் பொணத்துக்கா சுத்துவாங்க?" என்றார். கல்லூரிப் பையன் ஒருவன், "ஆயா, அது வெறும் காமெடி" என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தையை அங்கேயே நிறுத்துங்கள். வெறும் காமெடி என்றால் பேசவே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்.

அதற்குப் பதில், சண்டைக்கு வந்த காட்சியை மறுபடி ஓடவிடுங்கள். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். துகிலுரிய வேண்டிய துரியோதனனே, இப்படிப்பட்ட பத்தினியைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன் என்கிறான். வேஷத்துக்குள் இருப்பது பிணத்தைக் காப்பாற்றப் பார்க்கும் நம் போட்டோகிராபர்களில் ஒருவன். ஓம் பூரி நடித்த அஹுஜா மேடை ஏறி, திரௌபதி உன் ஒருத்தன் சொத்தில்லை, நாங்கள் எல்லாரும் ஷேர் ஹோல்டர்கள் என்கிறான். பையன் அதைக் காட்டி, "இங்க அம்மனக் கேலி பண்ணல, நகரத்தையே பங்கு போடுறவங்களக் கேலி பண்றாங்க" என்றான். நன்றாகத்தான் சொன்னான். ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். "கூத்துல கட்டியக்காரனும் பகடி பண்ணுவான் தம்பி. துகில்ல கை வெக்கிறப்போ அவனும் கும்புடுவான். இதுல யாரும் கும்புடல."

இருவரையும் சமாதானம் செய்ய நான் முயலவில்லை. நீங்களும் முயலாதீர்கள். ஆளுக்கொரு நியாயம் மேஜையில் இருக்கட்டும். என் கருத்து பையன் பக்கம்தான், ஆனால் அந்தக் கும்பிடு இல்லாததை நான் கவனித்ததே ஆயா சொன்ன பிறகுதான்.

சத்தமில்லாத சீட்டுகளையும் தேடிப் படியுங்கள். மேஸ்திரி ஒருவர் 'பாலம்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். தர்னேஜா கட்டிய மேம்பாலம் இடிந்து விழுவது படத்தில் வேகமாக வந்து போகும் விஷயம். மற்றவர்கள் யாரும் அதைப் பேசவில்லை. கேட்டதற்கு, "கலவையில கை வெச்சான்னு தெரிஞ்ச பிறகு எனக்குச் சிரிப்பு வரல சார். கீழ ஆள் போவும்" என்றார். அன்றைக்கு எல்லாரும் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.

முடிவைக் கடைசிக்கு வையுங்கள். பழியெல்லாம் அந்த இரண்டு போட்டோகிராபர்கள் மேல் விழுந்து, கைதி உடையில் தெருவில் நடந்து வந்து, நம்மைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுவார்கள். பின்னணியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்', நாம் ஜெயிப்போம் என்ற பாட்டு. நல்லவன் தோற்கும் படத்தை எதற்குக் காட்டுகிறீர்கள் என்று ஒருவராவது கோபப்படுவார். அவரிடம், நீங்கள் எடுத்திருந்தால் எந்த இடத்தில் முடித்திருப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வராது. காத்திருங்கள்.

கை தூக்கி ஓட்டெடுப்பு மட்டும் வேண்டாம். படத்தை நாலு மணிக்கே தொடங்கிவிடுங்கள்; படம் ஓடும் நேரத்துக்குக் குறையாமல் பேசவும் நேரம் வேண்டும், வெளியூர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது.