போட்டிக்கு அனுப்பும் முன் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கிறீர்களா?

போன வாரம் ஒரே நாளில் நான்கு பேர் எனக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். நான்கு பேருமே முதன்முறையாக ஒரு போட்டோ போட்டிக்கு அனுப்பப்போகிறவர்கள். எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட ஒரே வரிதான்: "அண்ணா, எப்படி இருக்கு? அனுப்பலாமா?" எந்தப் போட்டி, எந்தப் பிரிவு, கடைசித் தேதி எப்போது என்று ஒருவரும் எழுதவில்லை. ஆரம்பத்தில் நானும் பெரியவர்களிடம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் நான் விழுந்த அதே பள்ளத்தில் அவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அடிவானம் சாய்ந்திருப்பது, கண்ணில் ஃபோகஸ் இல்லாதது, தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்து நிற்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். படம் எடுத்தாகிவிட்டது, இன்னும் அனுப்பவில்லை, நடுவில் நாலு பேரிடம் காட்டுகிறோம். நல்ல படங்கள் பல அந்த நடுவில்தான் கெட்டுப்போகின்றன. அங்கே நாம் செய்யும் தவறுகள் இவை.

"நல்லா இருக்கா?" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் "சூப்பர்" என்ற பதில்தான் வரும். கேட்கப்பட்டவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். வேறு மாதிரி கேளுங்கள். "முதலில் உங்கள் கண் எங்கே போனது? அதற்கப்புறம் எங்கே போனது?" என்று கேட்டால், படம் தெரியாதவர்கூட உண்மையான பதில் சொல்வார். நீங்கள் முகத்தைக் காட்ட நினைத்திருப்பீர்கள். அவர் பின்னால் தொங்கும் சிவப்புத் துண்டைச் சொல்வார். அந்த ஒரு பதில் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே காட்சியில் எடுத்த மூன்று படங்களைக் கொடுத்து, "இதில் ஒன்றைத் தூக்கிப் போடணும், எதைப் போடலாம்?" என்று கேளுங்கள். பாராட்டத் தயங்காதவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் மூன்றில் ஒன்றைக் கழிக்கச் சொன்னால் யாரும் தயங்குவதில்லை. ஏன் கழித்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புவது

படம் சுருங்கி, நுண்விவரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படத்துக்கு முன்னால் கதையைச் சொல்வது

குலசேகரப்பட்டினம் தசராவில் எடுத்த படம் ஒன்றை ஒரு தம்பி கொண்டுவந்தான். காளி வேடம் போட்ட ஒருவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். படத்தைத் திறப்பதற்கு முன்பே, அவர் 41 நாள் விரதம் இருந்தது, மகனுக்காக நேர்ந்துகொண்டது, ஊரில் வீடு வீடாகக் காணிக்கை வாங்கி வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு படத்தைப் பார்த்தபோது நான் பார்த்தது படத்தை அல்ல, அவன் சொன்ன கதையை. முதுகு மட்டுமே தெரிகிறது, முகமும் இல்லை, கையும் இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. மறுநாள் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சலான் என்கிற பன்னாட்டுப் போட்டிகளில் படம் திரையில் சில விநாடிகள்தான் நிற்கும். நடுவர்கள் அதற்குள் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். உங்கள் கதையைச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் படத்தைக் காட்டிவிட்டு முதலில் பேசாமல் இருங்கள். அவர் பார்த்து முடித்த பிறகு கதையைச் சொல்லலாம்.

பிரிவைச் சொல்லாமல் கேட்டு, சொன்னதையெல்லாம் செய்துவிடுவது

இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

2017 ஏப்ரலில் கூந்தன்குளம் போயிருந்தேன். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் ஊர். அங்கே பறவைகள் குளத்தில் மட்டும் தங்குவதில்லை. ஊருக்குள் வந்து, தெருவோர மரத்திலும் கொல்லை மரத்திலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. உச்சி வெயில். ஒரு சங்குவளை நாரை கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு இறக்கைகளையும் குடை மாதிரி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று குஞ்சுகளும் அந்த நிழலுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. கூட்டுக்குக் கீழே மின்கம்பி ஒன்று குறுக்கே ஓடியது. அதற்கும் பின்னால் மங்கலாக ஓர் ஓட்டு வீட்டின் கூரை.

படத்தை மூன்று நண்பர்களிடம் காட்டினேன். மூவரும் கல்யாணமும் விளம்பரமும் எடுக்கிற, தொழில் தெரிந்தவர்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: "கம்பி கண்ணை இழுக்குது, எடுத்துடு." அவர்கள் வேலையில் அது சரியான பதில். கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஓடும் ஒயரை எடுக்காமல் கொடுத்தால்தான் குறை. இந்தப் படம் இயற்கைப் பிரிவுக்குப் போகிறது என்பதை நான் சொல்லவில்லை. அந்தப் பிரிவின் விதியை நானே படித்திருக்கவில்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, படத்தின் ஒரு இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தின்மேல் ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்பால் கம்பியை அழித்தேன். பக்கத்து இலைகளை எடுத்து ஒட்டிக் கூரையை மூடினேன். சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

படம் முதல் சுற்றைத் தாண்டியது. அப்புறம் ஒரு மின்னஞ்சல் வந்தது: கேமராவில் பதிவான, திருத்தாத மூலக் கோப்பை, அதாவது ரா ஃபைலை அனுப்புங்கள். அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. அந்தப் படம் மட்டும் இல்லை, அதே போட்டிக்கு நான் அனுப்பிய மற்ற படங்களும் சேர்த்து நீக்கப்பட்டன. கட்டணம் போனதை விடுங்கள். ஏமாற்றப் பார்த்தவன் என்ற நினைப்போடு என் பெயர் ஒரு மேசையில் கிடந்ததே, அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகுதான் விதியைப் படித்தேன். பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறை வைத்திருக்கின்றன. சலான்களில் பெரும்பாலும் அதுதான் நடைமுறை. கிராப் செய்யலாம், அதாவது ஓரங்களை வெட்டலாம். வெளிச்சம், நிறம், காட்சியில் இருந்தபடி இயல்பாகத் தெரிகிற அளவுக்குச் சரிசெய்யலாம். சென்சார் தூசி, நாய்ஸ் என்கிற புள்ளிப்புள்ளியான இரைச்சல் மாதிரி கேமராவால் வந்ததை நீக்கலாம். காட்சியில் இருந்த ஒன்றை எடுக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ, இடம் மாற்றவோ கூடாது. மனிதர் செய்த பொருள் படத்தில் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு: மனிதர் மாற்றியமைத்த சூழலில் வாழப் பழகிவிட்ட உயிரினம் என்றால், அந்த மனிதப் பொருள் கதையின் பகுதியாக இருக்கலாம். அதற்கு உதாரணமாக இரண்டு பறவைகளைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒன்று கூகை. இன்னொன்று நாரை.

அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கம்பியும் கூரையும்தான் கூந்தன்குளம். மனிதர்கள் குடியிருக்கிற இடத்தில் ஒரு பறவை பயமில்லாமல் குஞ்சு பொரித்து நிழல் கொடுக்கிறது என்பதுதான் நான் எடுத்த படம். அதை நானே அழித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய ஒரு நாரைப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2010-ல் செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்ற ஒரு படத் தொகுப்பு, பரிசு அறிவித்த பிறகு நீக்கப்பட்டது. கீவ் நகரத் தெருச் சண்டையைப் பற்றிய படங்கள் அவை. ஒரு படத்தை அதை எடுத்தவர் நிறைய கிராப் செய்திருந்தார், கறுப்பு வெள்ளையாகவும் மாற்றியிருந்தார். நடுவர்கள் தகுதிநீக்கம் செய்தது அதற்காக இல்லை. பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தின் ஒரு சிறு பகுதியை நீக்கியிருந்தார்; அதற்காகத்தான். 2015-ல் அதே போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம், மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வெளியே போயின. அங்கே வரை வந்தவர்கள் புதியவர்கள் இல்லை.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். எனக்கு ஒரு மாலை பிடித்த வேலை, இப்போது போனில் விரலால் ஒரு தடவு தடவினால் முடிந்துவிடுகிறது. செய்தவருக்கே தவறு செய்த உணர்வு வருவதில்லை. போன வாரம் வந்த நான்கு படங்களில் ஒன்று பள்ளிக்கரணைப் பூநாரைகள். பின்னால் இருக்க வேண்டிய கட்டடங்களைக் காணோம். கேட்டேன். "ஒரு அண்ணன் எடுக்கச் சொன்னார்" என்றான். எந்தப் பிரிவுக்கு என்று கேட்டால், இயற்கை. ரா ஃபைல் இருக்கிறதா என்று கேட்டால், இடம் போதவில்லை என்று அழித்துவிட்டானாம்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கருத்துக் கேட்கும்போது படத்தோடு போட்டியின் விதியையும் அனுப்புங்கள். பிரிவின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். எதைப் பற்றிய படமும் அனுப்பலாம் என்கிற திறந்த வண்ணப் பிரிவு என்றால் பெரும்பாலும் கம்பியை எடுக்கலாம், இரண்டு படங்களைச் சேர்க்கக்கூடச் செய்யலாம், எல்லாம் நீங்களே எடுத்ததாக இருந்தால். இயற்கை, பயணம், செய்திப் படம் என்றால் தொடக் கூடாது. ஒரே படம்தான், பிரிவு மாறினால் நல்ல ஆலோசனை கெட்ட ஆலோசனையாகிவிடும். வந்த கருத்துகளில் "எடுத்துவிடு", "சேர்" என்று வருவதையெல்லாம் தனியாக ஒதுக்கி வைத்து, விதியைப் பார்த்த பிறகே கை வையுங்கள். போட்டி முடிவு வரும்வரை மட்டும் அல்ல, எப்போதுமே ரா ஃபைலை அழிக்காதீர்கள்.

கம்பி உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால், அதற்கான பதில் கம்ப்யூட்டரில் இல்லை. மறுபடி போய், இரண்டடி தள்ளி நின்று எடுக்க வேண்டும்.

பத்துப் பேரிடம் கேட்பது

மூன்று பேர் போதும். ஒருவர் அந்தப் பிரிவில் படம் அனுப்பிப் பழகியவர், ஒருவர் படமே எடுக்காதவர், ஒருவர் உங்களிடம் தயங்காமல் பேசுகிறவர்.

கடைசி நாள் இரவு கேட்பது

வேண்டாம்.

உரிமை விதியைப் படிக்காமல் விடுவது

பரிசு வாங்காத படத்தையும் பயன்படுத்தும் உரிமையைச் சில அமைப்பாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

திருத்திய படத்தைத் திரும்பக் காட்டாமல் அனுப்புவது

பின்னணி கொஞ்சம் வெளிச்சமாக இருக்கிறது, இறக்கலாம் என்று ஒரு தங்கையிடம் சொன்னேன். பாலமேடு வாடிவாசலில் எடுத்த படம். திருத்தி, நேராகப் போட்டிக்கே அனுப்பிவிட்டாள். பிறகுதான் பார்த்தேன்: கூட்டம் மொத்தமும் இருட்டாகி, மாடு மட்டும் ஸ்டுடியோவில் நிற்பது போல நின்றது. தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் போய்விட்டன. "கொஞ்சம்" என்று நான் சொன்னது என் மானிட்டரில் பார்த்து. அவள் செய்தது வெளிச்சம் முழுவதும் கூட்டி வைத்திருந்த அவளுடைய லேப்டாப்பில். அளவைச் சொல்லாதது என் தவறும்தான்.

திருத்தியதும் இரண்டு நாள் மூடி வையுங்கள். அப்புறம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருத்துச் சொன்னவரிடமே மறுபடி காட்டுங்கள். பழையதே மேல் என்று தோன்றினால் பழையதையே அனுப்புங்கள். கருத்துச் சொன்னவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.