துத்தநாகச் சாம்பலைச் சூடு ஆறும் முன்பே பிரித்துவிடுங்கள்

திருச்சி பக்கம், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசும் ஒரு கால்வனைசிங் பட்டறையில் பதினாறு வருஷமாகத் தொட்டி ஓரத்தில் நிற்கிறேன். தொட்டியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்க எடுக்க மேலே சாம்பல் படியும். அதை அப்படியே அள்ளி எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதில் பாதிக்கு மேல் துத்தநாகம்!

அள்ளும்போதே கவனம் வேண்டும். பாலாடையை ஒதுக்குவதுபோல மெதுவாக ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓட்டைக் கரண்டியைத் தொட்டிக்கு மேலேயே சாய்த்துப் பிடித்து லேசாகத் தட்டினால், துத்தநாகம் மணி மணியாக உருண்டு தொட்டிக்கே திரும்பும். ஒரு நிமிஷம் பொறுங்கள், போதும்.

அள்ளியதை நாளைக்கு என்று வைக்காதீர்கள். முக்குவதற்கு முன் இரும்பில் ஏற்றும் நவச்சாரமும் ஜிங்க் குளோரைடும் சாம்பலிலும் இருக்கும்; ராத்திரியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் உருகிய உலோகத்தில் பட்டால் வெடித்துத் தெறிக்கும். ஒரு ஐப்பசி மழையில் அச்சைக் காயவைக்காமல் ஊற்றினோம். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அச்சு, கரண்டி, கம்பி எல்லாவற்றையும் நெருப்பில் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

சரி, சூட்டோடு சூடாக இரும்புச் சட்டியில் போடுங்கள். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். 450ஐ ஒட்டியே வைத்திருங்கள். 480ஐத் தாண்டினால் சட்டி இரும்பையே அரிக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் நவச்சாரம் தூவி, கம்பியால் சட்டி ஓரத்தோடு அழுத்தித் தேய்த்துக் கிளறுங்கள். மணிகளைச் சுற்றியுள்ள தோல் கிழிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் குளமாகும். பச்சை கலந்த வெள்ளைச் சுடர் தெரிந்தால் துத்தநாகமே எரிகிறது என்று அர்த்தம். உடனே தீயைக் குறையுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் நிச்சயம். முகமூடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

அந்தக் குளத்தை அச்சில் ஊற்றி, ஆறிய கட்டியைத் தொட்டிக்கே திருப்பிப் போடலாம். மேலே நிற்கும் பொடியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ போடுகிறோமே, அந்த ஜிங்க் சல்பேட் இதிலிருந்தும் தயாராகிறது.

தொட்டி அடியில் தங்கும் டிராஸை மட்டும் இதோடு கலக்காதீர்கள். அதிலும் சுமார் 95 சதவீதம் துத்தநாகம்தான், ஆனால் இரும்போடு பிணைந்தது, கிளறிப் பிரியாது. 907 டிகிரிக்கு மேல் ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். ராஜஸ்தானில் ஜாவரில் பல நூற்றாண்டுக்கு முன்பே, கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கித் துத்தநாகம் எடுத்தார்கள். நம் பட்டறையில் அதற்கு வசதி கிடையாது. தனி டிரம்மில் போட்டு, மேலே பெயிண்டில் ‘டிராஸ்’ என்று எழுதி வையுங்கள்.